ஆரோக்கியமானவர் எண் பத்தொன்பது

இருபத்தாறு நாளும் ஐந்து மணி நேரமும் ஆகிவிட்டன. அவள் இன்னும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது ஒரு சின்ன வாக்கியம். இதயம், நுரையீரல், ரத்தக்குழாய் என்று ஐந்து வருடம் ஆராய்ந்து முந்நூறு பக்கம் எழுதி முடித்தவளுக்கு அந்த ஒரு வரி தொண்டையைத் தாண்டவில்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் நிறுத்தம் வரை போய் நடந்து திரும்புகிறவள். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருந்த உடலியங்கியல் துறையில் அவளுக்கு 'மியூட்டு' என்று பெயர். வைத்தது டெக்னீஷியன் அக்கா.

அவளுடைய ஆய்வு கேட்பதற்கு எளிது. ஒருவரை நகராத சைக்கிளில் உட்கார வைத்து, மார்பில் பத்து ஒயர்களை ஒட்டி, கையில் பி.பி. பட்டையைச் சுற்றி, மூக்கையும் வாயையும் சேர்த்து மாஸ்க்கால் மூடி, முடியும் மட்டும் மிதிக்கச் சொல்ல வேண்டும். மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று மெஷின் கணக்குப் பார்க்கும். இதயம் பலவீனமானவர்கள் இருபத்து நான்கு பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் இருபத்து நான்கு பேர்.

நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். ஆரோக்கியமானவர்கள்தான் ஓடி ஒளிந்தார்கள். கடைசியில் கேன்டீன் கேஷியர், லிஃப்ட் ஆபரேட்டர், மாலை ஷிஃப்ட் நர்ஸ்கள், அவளுடைய சொந்தச் சித்தப்பா என்று ஆள் பிடித்தும் ஒரு ஆண் குறைந்தார். ஐம்பது வயதுக்கு மேல், எந்த நோயும் இல்லாதவர் வேண்டும்.

"நானே உட்கார்றேன். நம்ம க்ரூப்ல உண்மையிலேயே ஆரோக்கியமா ஒருத்தராவது இருக்க வேண்டாமா?" என்றார் பேராசிரியர்.

பேராசிரியர்தான் அவளுடைய வழிகாட்டி. மாணவர்கள் அவரை 'பெருந்தமனி' என்று அழைத்தார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் அந்த ஒரு குழாய் வழியாகத்தான் உடம்புக்குப் போக வேண்டும். துறையிலும் அப்படித்தான். லீவு லெட்டரிலிருந்து டியூப் லைட் மாற்றுவது வரை அவர் கையெழுத்து வழியாகத்தான் போகும். ஐம்பத்தெட்டு வயது. லிஃப்ட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "லிஃப்ட்ங்கிறது பிணத்துக்குக் கண்டுபிடிச்சது" என்று லிஃப்ட் ஆபரேட்டரிடமே சொல்வார். படியில்தான் ஏறுவார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பழைய கருத்தரங்குச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு வருடமாகத் தினமும் அங்கே நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதை ஆழ்ந்து படித்துவிட்டுத்தான் மேலே வருவார். அறிவுத் தாகம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒவ்வொரு பரிசோதனையின்போதும் ஒரு டாக்டர் அருகில் இருந்து ஈசிஜி திரையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாற்பத்தேழு பேருக்கும் அந்த டாக்டர் பேராசிரியர்தான். அவருடைய முறை வந்தபோது அவள் வாசலைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"யாரைத் தேடற? டாக்டர் இருக்கணும், அவ்வளவுதானே விதி? நான் இருக்கேனே" என்றார் சைக்கிள் மேலிருந்து. திரை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மாஸ்க்கைப் போட்டதும் அந்த அறையில் ஓர் அதிசயம் நடந்தது. பெருந்தமனி பேசவில்லை. பேச முடியாது. துறையின் பதினைந்து வருட வரலாற்றில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. டெக்னீஷியன் அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவளும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சைக்கிள் சக்கரம் மட்டும் சுற்றியது. திரையை யாரும் பார்க்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் அவர் மாஸ்க்கைப் பிடுங்கினார்.

"மீட்டிங் இருக்கிறதையே மறந்துட்டேன்."

நெற்றியெல்லாம் வியர்வை. மீட்டிங்குக்குப் போகும் முன் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து, மீட்டிங்குகள் எப்படி நாட்டைக் கெடுக்கின்றன என்று மெதுவான குரலில் பேசினார். ஏன் நிறுத்தினார் என்று எழுதும் கட்டத்தில் மற்றவர்களுக்குக் 'கால் வலி', 'மூச்சு வாங்கியது' என்று எழுதியிருந்தாள். அவருக்கு 'மீட்டிங்' என்று எழுதினாள். பொய் எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை.

பிறகு பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டாள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவளுடைய பூட்டிய டிராயரில் மட்டும் இருந்தது. அது அவர் போட்ட சட்டம். "எனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா நம்மளை அறியாம சாதகமாப் பாப்போம். தீசிஸ் உள்ள போற வரைக்கும் எந்த நம்பராவது வெளிய வந்துச்சு, நானே கிழிச்சுப் போட்டுடுவேன்." கிழித்துப் போடுகிறவர்தான். அவளுக்கு முன்னால் இருந்த ஆய்வு மாணவன் ஒரு பக்கத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்கு இரண்டு வருடம் கிழிபட்டான். இப்போது அவன் மருந்துக் கம்பெனியில் பை தூக்குகிறான்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை ஒன்பது மணிக்கு, பதிவான ஈசிஜி கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அளந்துகொண்டிருந்தபோது பத்தொன்பதாம் எண் வந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் மட்டமாக ஓட வேண்டிய துண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே தொங்கியது. மிதிக்க மிதிக்க எல்லாருக்கும் பி.பி. ஏறும். இவருக்கு நூற்று அறுபத்தெட்டு வரை ஏறி, ஐந்தாவது நிமிடத்தில் நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. வேலை கூடும்போது இதயத்துக்கே ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். வார்டில் இப்படி ஒரு தாளைக் கண்டால் ஆளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

டிராயரைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. காரணக் கட்டத்தில் மீட்டிங் என்று இருந்தது.

அன்றிலிருந்து அவள் நாளையும் மணியையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் கூச்சக்காரிகளுக்கே தோன்றக்கூடிய ஒரு திட்டம் தோன்றியது. ஒப்புதல் படிவத்தில் ஒன்பதாவது விதி: ஆபத்தான ஏதாவது தெரியவந்தால், முதன்மை ஆய்வாளர் கையெழுத்திட்ட கடிதம் மூலம் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்படும். முதன்மை ஆய்வாளர் பேராசிரியர். பத்தொன்பதாம் எண்ணுக்கு ஒரு கடிதம் அடித்து அவரிடமே கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு, அவர் வீட்டு முகவரிக்குத் தபாலில் சேர்த்துவிடலாம். வாயைத் திறக்கவே வேண்டாம்.

கடிதத்தோடு கோடு விழுந்த தாளையும் வைத்து நீட்டினாள்.

"என்னமா இது?"

"பத்தொன்பதாம் நம்பர் சார். ஈசிஜி கொஞ்சம்..."

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது மெஷின் கோளாறு."

"இல்ல சார், பி.பி.யும்..."

"பி.பி.யை மட்டும் நீயா கையால எடுத்த? அதுவும் மெஷின்தானே." தாளைத் திருப்பினார். காரணக் கட்டத்தில் விரல் நின்றது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். "மீட்டிங்காம். பாரேன். ஆறு நிமிசம் மிதிக்க வக்கில்லாதவன்லாம் மீட்டிங்னுதான் சொல்லுவான். எனக்கு இல்லாத மீட்டிங்கா?"

"சார், அது வந்து..."

"இந்த ஆளைச் சேர்த்தா என்ன வருது, சேர்க்காட்டி என்ன வருது?"

அதை அவள் ஏற்கனவே போட்டுப் பார்த்திருந்தாள். ஆய்வு உலகில் 0.05 என்று ஒரு கோடு உண்டு. விடை அதற்குக் கீழே வந்தால் கண்டுபிடிப்பு. மேலே போனால் ஐந்து வருடக் குப்பை. பத்தொன்பதைச் சேர்த்தால் 0.06. நீக்கினால் 0.04.

"அப்புறம் என்ன யோசனை? தூக்கு அவனை" என்றார் பேராசிரியர். கடிதம் குப்பைக் கூடைக்குள் போனது. "ஆரோக்கியமா இருக்கிறவனுக்கு லெட்டர் போட்டுப் பயமுறுத்துவியா? நாளைக்கு நெஞ்சு வலின்னு வந்து நம்ம தலையில உக்காருவான்."

ஆனாலும் மனிதர் நேர்மையானவர்தான். மெஷின் கோளாறு என்று எழுதுவதற்குச் சான்று வேண்டும் என்று சர்வீஸ் ஆளை வரவழைத்தார். அவன் இரண்டு மணி நேரம் மெஷினைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "மெஷின் நல்லா இருக்கு சார். நீங்க ஆளைத்தான் சர்வீஸுக்கு விடணும்."

அந்த வாரக் கூட்டத்தில் பேராசிரியர் தீர்ப்பை மாற்றி எழுதினார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. அப்ப ஆள் பொய் சொல்லியிருக்கான். இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும். படிவத்துல எந்த நோயும் இல்லன்னு டிக் அடிப்பான். ஆனா ஒரு வருசமா மூச்சு வாங்கிட்டிருக்கும். வெளிய சொல்ல மாட்டான். வீட்ல பொண்டாட்டி கேட்டா கேஸ் ட்ரபிள்னு சொல்லுவான். வறட்டு ஜம்பம். இவனைப் போல ஒரு முட்டாளை நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல."

தன்னைப் பற்றி இவ்வளவு சரியாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் நோட்டில் தேதியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுக்கும் காரணம் என்ன போட்டிருக்கு தெரியுமா? மீட்டிங்" என்று அவர் முடித்தார்.

டெக்னீஷியன் அக்காவுக்கு டீ புரையேறியது.

கூட்டம் முடிந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் இழுத்தார்.

"ஏய் மியூட்டு. மீட்டிங்னு இறங்கி ஓடினது ஒரே ஒரு ஆளுதானே?"

"ஆமாக்கா."

"அப்ப இவ்ளோ நேரம் அவரு திட்டினது..."

"ஆமாக்கா."

அக்கா மாஸ்க் பெட்டிகள் மேல் சாய்ந்து, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"ரொம்ப மோசமா?"

"மூணு மில்லிமீட்டர்."

"ஐயோ." அக்கா முப்பது வருடமாக ஒயர் ஒட்டுகிறவர். விளக்கத் தேவையில்லை. "நாம ரெண்டு பேரும் அங்கதானே இருந்தோம்."

"ஆமா."

"சொல்லிட்டியா?"

"மூணு தடவை ஆரம்பிச்சேன். முடிக்க விட மாட்டேங்கறார்."

"நீ ஆரம்பிக்கிறதே முடிக்கிற மாதிரிதான் இருக்கும். இங்க பாரு, என்னை இழுக்காத. ஜன்னல் கொக்கி உடைஞ்சிருக்கு சார்னு சொன்னதுக்கே எனக்கு மெமோ குடுத்தவரு. உங்க இதயம் சரியில்லன்னு சொன்னா என்னை மார்ச்சுவரிக்கு மாத்திடுவாரு. மூணு வருசம் சர்வீஸ் இருக்கு எனக்கு."

"அப்ப நான் என்னக்கா செய்யறது?"

அக்கா சுவரைக் காட்டினார். அங்கே அன்று காலைதான் ஒட்டிய சுவரொட்டி. இதய விழிப்புணர்வு வாரம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் படியேறும் போட்டி, தரைத்தளத்திலிருந்து ஒன்பதாம் மாடி வரை. ஓடிக் காட்டித் தொடங்கி வைப்பவர் பேராசிரியர். படத்தில் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதே வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத்தான் அவளுடைய வாய்மொழித் தேர்வும்.

வியாழக்கிழமை வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"இப்ப சொன்னா உனக்குப் பட்டம் குடுப்பாரா?"

"மாட்டாரு."

"பட்டம் வாங்கினப்புறம் சொன்னா?"

"நாலு மணிக்கு ஒன்பது மாடி ஏறப் போறாரும்மா."

"டாக்டருக்குப் படிச்ச மனுசன், அவருக்குத் தெரியாதா? நீ கையெழுத்தை வாங்கிட்டு வாயத் திற. இத்தனை நாளும் மூடித்தானே வெச்சிருந்த, இன்னொரு நாள்ல என்ன குடி முழுகிடும்? அத்தைகிட்டல்லாம் டாக்டர்னு சொல்லிட்டேன். சித்தப்பா வேற உன்கிட்ட மூட்டு வலிக்கு மாத்திரை கேக்கணும்னு காத்துட்டு இருக்கார்."

"நான் அந்த டாக்டர் இல்லம்மா."

"எந்த டாக்டரா இருந்தா என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடு."

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா சத்தத்தைக் குறைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடி சத்தத்தைக் கூட்டினார். கூச்சம் அவளுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை கருத்தரங்க அறையில் ஐம்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் படிப் போட்டிக்கு வந்து, ஏசிக்காக உள்ளே உட்கார்ந்தவர்கள். பேராசிரியர் முதல் வரிசை நடுவில். மேலே கோட்டு, டை. கீழே பச்சை நிற ஓட்டப் பந்தய ஷூ. பக்கத்தில் வெளித் தேர்வாளர், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒல்லியான அம்மா. தீசிஸ் முழுவதும் மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டி வைத்திருந்தார். உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் துறையே கலங்கியது.

அவள் நாற்பது நிமிடம் பேசினாள். திரையைப் பார்த்துப் பேசினால் வார்த்தை வரும் அவளுக்கு. கேள்விகள் ஒரு மணி நேரம் போயின. மூன்றே முக்காலுக்கு வெளித் தேர்வாளர் கடைசி மஞ்சள் துண்டைப் புரட்டினார்.

"ஆரோக்கியமானவங்க இருபத்து நாலு பேர்னு ஆரம்பிக்கறீங்க. அட்டவணையில இருபத்து மூணுதான் இருக்கு. பத்தொன்பது எங்க போனாரு?"

"நான் சொல்றேன் மேடம்" என்றார் பேராசிரியர்.

"கேள்வி அவங்களுக்கு."

"அவ கொஞ்சம் கூச்ச சுபாவம். அந்த ஆள் நோயை மறைச்சு உள்ள வந்துட்டான். ஈசிஜி படுமோசம். கண்டுபிடிச்சுத் தூக்கிட்டோம்."

"எவ்வளவு மோசம்?" அந்த அம்மா அவளைப் பார்த்தே கேட்டார்.

"மூணு மில்லிமீட்டர். பி.பி.யும் இறங்குது" என்றாள் அவள். மைக் இருந்ததால் கேட்டது.

வெளித் தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். "அந்த ஆளுக்குச் சொல்லிட்டீங்களா?"

டெக்னீஷியன் அக்கா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுக்கு மேடம் சொல்லணும்? பொய் சொன்ன ஆள்" என்றார் பேராசிரியர்.

"பொய் சொன்னவனுக்கும் இதயம் ஒண்ணுதான் சார் இருக்கு."

"அவன்லாம் சொன்னாலும் கேக்கற ரகம் இல்ல. எனக்கு அந்த டைப்பை நல்லாத் தெரியும்." கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். "மணி ஆச்சு மேடம். கீழ எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. ஒன்பது மாடி, பத்து நிமிசம். ஏறிட்டு வந்து கையெழுத்துப் போட்டுடறேன். சின்ன விசயத்துக்கு ஒரு பொண்ணோட பட்டத்தை நிறுத்த வேண்டாம்."

கையெழுத்துத் தாள் மேஜை மேல் இருந்தது. இரண்டு கட்டங்கள், இரண்டும் காலி. அவர் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினார். நிமிரும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கணம் எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்பு அறிவிப்பை ஆழ்ந்து படித்தார். உதட்டுக்கு மேல் வியர்வை மின்னியது. ஏசி பதினெட்டில் இருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. ஐம்பது பேரில் பாதிக்கு மேல் இதயத்தைப் படித்தவர்கள்.

அவர் கதவை நோக்கி நடந்தார்.

"சார், படி ஏறாதீங்க."

அது தன் குரல் என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. அவர் திரும்பினார்.

"என்னமா?"

"ஏறாதீங்க சார். வேண்டாம்."

"உன் வைவால நான் படி ஏறலாமா வேண்டாமான்னு ஒரு கேள்வியா?" அவர் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். ஐம்பது பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று அங்கே எழுதாத விதி. "எனக்கு என்ன, உன் பத்தொன்பதாம் நம்பர் மாதிரி மீட்டிங்கா இருக்கு?"

மறுபடி சிரிப்பு. வெளித் தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவளையும், பிறகு கதவருகே நின்றவரையும், அவருடைய நெற்றியையும் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து நின்றார்.

பேராசிரியரின் கை கதவுப் பிடியில் இருந்தது. அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். முந்நூறு பக்கம் கறுப்பு அட்டை போட்டு மேஜை மேல் கிடந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"சார்," என்றாள், "அந்தப் பத்தொன்பதாம் நம்பர் நீங்கதான்."